முதல் 72 மணி நேரம்: மலையகத்தில் ஒரு விளக்கமறியல் கைதியும் மது விலகலும் – நிகழ்வு ஆய்வு

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் கைதானதில் இருந்து வழக்கு முடிந்தது வரை நடந்தவற்றையும், அவருக்காக ஆஜரான சட்டத்தரணி அதன் பின் எடுத்துக்கொண்ட கொள்கைப் பணியையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. மது விலகல் என்பது தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தும்போது உடம்பில் வரும் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் போன்றவை. ஆட்களை இனங்காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. நீதவான் நீதிமன்றங்களில் ஆஜராகும் இளம் சட்டத்தரணிகளும், தோட்டங்களில் வேலை செய்யும் உளவளத்துணையாளர்களும், சமூக சேவை உத்தியோகத்தர்களும் இதைப் பயன்படுத்தலாம்.

பின்னணி

கைதானவர் நாற்பது வயதைத் தாண்டியவர். கவ்வாத்து, கான் வெட்டு, மருந்தடிப்பு என்று தோட்டத்தில் ஆண்களுக்குக் கொடுக்கும் வேலைகளைச் செய்தவர். மனைவி கொழுந்து எடுப்பவர். பிள்ளைகள் இருவரும் பாடசாலை போகிறவர்கள். நான்கு பேரும் இருந்தது பழைய லயத்தில் (தோட்டத்து வரிசைக் குடியிருப்பில்), ஓர் அறையும் ஓர் இஸ்தோப்பும் (முன் விறாந்தையும்) கொண்ட வீட்டில்.

முன்பு சம்பள நாளும் அட்வான்ஸ் நாளும்தான் அவருக்குக் குடி. கைதுக்கு ஐந்தாறு வருடங்களுக்கு முன்பே அது தினசரிப் பழக்கமாகிவிட்டது. இரவில் அரைப் போத்தல் சாராயம். 375 மில்லிலீட்டர் அரைப் போத்தலில், 33 சதவீதம் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 100 கிராம் தூய மதுசாரம் உண்டு. 10 கிராமை ஓர் அலகாகக் கொண்டால் அது 10 அலகு. 2022 பொருளாதார நெருக்கடியில் சாமான் விலை எகிற, நாட்சம்பளம் 1,000 ரூபாயிலேயே நின்றது. 2023 ஜனவரியில் மதுவரி 20 சதவீதம் கூடியது. அவர் கடைச் சாராயத்தை விட்டுவிட்டுக் கள்ளச் சாராயமான கசிப்புக்கு மாறினார். கசிப்பில் அலகுக் கணக்கு எடுபடாது. ஒரே ஆள் வடித்ததானாலும் ஒரு வடிப்பின் வலு அடுத்த வடிப்பில் இருக்காது. அதனால் "எத்தனை கிளாஸ்" என்ற கேள்விக்கு வரும் பதிலை வைத்து வைத்தியரால் எதையும் முடிவு செய்ய முடியாது. காலை நிலைமை என்ன என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அவருடைய காலை நிலைமை தெளிவாகவே இருந்தது. பிரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) போகும் முன் ஒரு வாய் குடிக்காவிட்டால் கை நடுங்கி, கவ்வாத்துக் கத்தி பிடிபடாது. இன்னொரு விஷயமும் இருந்தது. ஒரு வருடம் ஐயப்பனுக்கு மாலை போட்டுக் குடியை ஒரே நாளில் நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. லயத்தில் அதைச் சாமி குத்தம் என்றார்கள். தோட்ட டிஸ்பென்சரியில் வலிப்பு என்று மட்டும் எழுதப்பட்டது. முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு கண்ட ஒருவருக்கு அடுத்த முறை அதைவிடக் கடுமையான விலகல் வரக்கூடும். கைதான நாளில் இந்த ஒரு தகவல் யாருடைய கையிலாவது இருந்திருந்தால் பின்னால் நடந்தவற்றில் பெரும்பகுதி நடந்திருக்காது.

சனி மாலை முதல் செவ்வாய் காலை வரை

சனிக்கிழமை மாலை 4 மணியளவில் அவர் கடைசியாகக் குடித்தார். அதன் பின் வீட்டில் சண்டை. மனைவியின் முன்கையில் விறகுக் கட்டையால் அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் 119க்கு அழைத்தார். இரவு 7 மணிக்குப் பொலிஸார் வந்தபோது வீட்டில் மூன்று போத்தல் கசிப்பும் அகப்பட்டது. காயம் விளைவித்தல் ஒன்று, மதுவரிக் குற்றம் ஒன்று என இரண்டு குற்றச்சாட்டுகள் போடப்பட்டன.

ஞாயிறு நண்பகல் பதில் நீதவான் (நீதவானுக்குப் பதிலாகக் கடமையாற்றுபவர்) முன் நிறுத்தப்பட்டபோது அவர் வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். பயத்தில் நடுங்குவதாகவே அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சட்டத்தரணி யாரும் ஆஜராகவில்லை. பதில் நீதவான் பிணை மறுக்கவில்லை. இரண்டு சரீரப் பிணையாளர்கள் வேண்டும் என்றார். பிணையாளர் ஒவ்வொருவரும் கிராம உத்தியோகத்தர் கொடுத்து பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது முடியாது. திங்கள் போயா (பௌர்ணமி) விடுமுறை. கட்டளைப்படி பிணை உண்டு, ஆனால் ஆள் விளக்கமறியலில், அதாவது வழக்கு முடியும் முன்பே சிறையில். தோட்டப்புற வழக்குகளில் இது மிகச் சாதாரணமாக நடப்பதால் யாரும் இதைத் தவறென்று எண்ணுவதுகூட இல்லை.

ஞாயிறு இரவு அவருக்கு வலிப்பு வந்தது. கடைசிக் குடிக்கு ஏறத்தாழ 32 மணி நேரம் கழித்து. மது விலகல் வலிப்பு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சிறைக் குறிப்பில் "வலிப்பு நோய், காய்ச்சல்" என்று எழுதி பரசிட்டமோல் கொடுத்திருந்தார்கள். உடல் வெப்பமும் நாடித் துடிப்பும் குறிக்கப்பட்டிருந்தன. நாடி 120ஐத் தாண்டியிருந்தது. குடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

செவ்வாய் அதிகாலை அவர் போர்வையை உதறி எழுந்து, கணுக்காலில் இருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுவரில் தேய்த்தார். காவலரைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் உப்பு தாங்க, அட்ட ஏறுது" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மழைக் காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் காலில் உப்பும் சவர்க்காரமும் தேய்த்துக்கொள்வது இரத்தம் உறிஞ்சும் அட்டைக்காகத்தான். காவலருக்குத் தமிழ் தெரியாது. கைதி தன்னைத் திட்டுவதாக எண்ணினார். பக்கத்தில் இருந்த கைதிகள் பிசாசு பிடித்துவிட்டது என்றார்கள். காலையில் எழுதப்பட்ட குறிப்பில் "பைத்தியம் போல் நடந்துகொள்கிறார், உளநோய் அறிக்கை தேவை" என்று இருந்தது.

அது டெலீரியம் ட்ரெமன்ஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் நிலை. கடைசிக் குடிக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குப் பின் பெரும்பாலும் தொடங்கும். காய்ச்சல், வேகமான நாடி, இடம் காலம் தெரியாமை, இல்லாத பூச்சிகளும் பிராணிகளும் கண்ணில் தெரிவது, உடம்பில் ஊர்வது. சரியான சிகிச்சையில் இறப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. சிகிச்சை இல்லையென்றால் அதைப் போல் பல மடங்கு.

சட்டத்தரணி

செவ்வாய்க்கிழமை காலை மனைவி கிராம உத்தியோகத்தரைத் தேடி நகரத்துக்கு வந்தார். அங்கிருந்து யாரோ சொல்லி, சட்ட உதவி வழக்குகள் எடுக்கும் ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனார்.

அந்தச் சட்டத்தரணியின் தொழில் தொடங்கியது தொழில் நியாய சபையில்: ஊழியர் சேமலாப நிதி, வேலைநீக்கம், லயக் காணிப் பிணக்கு. வேலைநீக்கக் கோப்புகளில் 'பேர் போடாத நாட்கள்' (வேலைக்கு வந்ததாகப் பதியப்படாத நாட்கள்) என்று தோட்ட நிர்வாகம் காட்டும் பட்டியலுக்குப் பின்னால் அடிக்கடி குடி இருந்தது. சில கோப்புகளில் மனச்சோர்வு இருந்தது, சிலவற்றில் இரண்டும். அதை விளங்கிக்கொள்ள அவர் ஆதார வைத்தியசாலையின் உளநல வைத்திய அதிகாரியிடம் அனுமதி பெற்று, நோயாளிகளின் சம்மதத்துடன், சில மாதங்கள் கிளினிக் நாட்களில் ஓரமாக உட்கார்ந்து கவனித்தார். இந்தத் துறைக்கு வர விரும்பும் சட்டத்தரணிகள் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் எண்ணம். சட்டக் கல்லூரியில் 1873ஆம் ஆண்டின் உளநோய்க் கட்டளைச் சட்டத்தைப் படிக்கலாம். நடுங்கும் கை எந்த மணி நேரத்தில் ஆபத்தாகிறது என்பதை அங்கு படிக்க முடியாது.

அதனால் அவர் மனைவியிடம் முதலில் கேட்டது வழக்கைப் பற்றி அல்ல. கடைசியாக எப்போது குடித்தார், காலையில் குடிப்பாரா, முன்பு நிறுத்தியபோது என்ன நடந்தது என்று கேட்டார். ஐயப்பன் மாலையும் சாமி குத்தமும் அப்போதுதான் வெளியே வந்தன. மணிக்கணக்கைப் பார்த்தார்: 66 மணி நேரம்.

முதல் தீர்மானம்: எந்த வாசல்?

இரண்டு வழிகள் இருந்தன. குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையில் சித்த சுவாதீனம் அற்றவர்கள் பற்றிய அத்தியாயத்தின்படி நீதவான் வைத்திய அறிக்கை கோரலாம். அந்த வழி பெரும்பாலும் அங்கொடையில் உள்ள தேசிய உளநல நிறுவகத்தில் முடியும். சிறைக் குறிப்பு ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மற்றது, இதைச் சாதாரண மருத்துவ அவசரமாக எடுத்து அருகில் உள்ள அரச வைத்தியசாலைக்கு அனுப்புவது.

சட்டத்தரணி இரண்டாவதைத் தேர்ந்தார். அந்த நிலை மருத்துவ விடுதியில் சில நாட்களில் தீரும், ஆனால் அறிக்கைக்குக் காத்திருக்கும் நாட்களில் உயிர் போகலாம் என்பது முதல் காரணம். நீதிமன்றப் பதிவேட்டில் "சித்த சுவாதீனம் அற்றவர்" என்று ஒருமுறை ஏறிவிட்டால் வழக்கு காலவரையறை இன்றி நிற்கும். தோட்டத்தில் வேலையும் போகும். நாடித் துடிப்பும் மணிக்கணக்கும் காட்டும் ஒரு நோயை உளநோய்க் கோப்பில் போடுவது கைதிக்கு நன்மையே இல்லை.

பல சட்டத்தரணிகள் இந்த இடத்தில் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் கட்டளை கேட்கும் மனு) தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு ஒரு நாள் போகும். கைதி கடுமையாக நோயுற்றால் அவரை வெளி வைத்தியசாலைக்கு அனுப்பச் சிறைச்சாலைக்கு நீதிமன்றக் கட்டளை தேவையில்லை. சிறை வைத்திய அதிகாரியின் பரிந்துரையே போதும். எனவே அவர் முதலில் தொலைபேசியை எடுத்தார். சிறை வைத்திய அதிகாரியிடம் நான்கு விஷயங்களை மட்டும் சொன்னார்: கடைசிக் குடி நேரம், தினசரி அளவு, முன்பு நிறுத்தியபோது வந்த வலிப்பு, ஞாயிறு இரவு வந்த வலிப்பு. "உங்கள் குறிப்பில் நாடித் துடிப்பு இருக்கிறதா, பாருங்கள்" என்று கேட்டுக்கொண்டார். பிழை பிடிக்கும் தொனி வராமல் பார்த்துக்கொண்டதால் வேலை விரைவாக நடந்தது என்று நாங்கள் நினைக்கிறோம். அதையே எழுத்தில் அனுப்பிவிட்டு, பிறகுதான் பஸ் ஏறினார். அவர் போய்ச் சேர்ந்தபோது கைதியை அம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

வைத்தியசாலையில்

விடுதியில் தயமின் (விற்றமின் B1) ஊசி முதலில், பிறகுதான் குளுக்கோஸ் சேலைன். நீண்ட காலம் குடித்து, சரியாகச் சாப்பிடாதவருக்கு தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைப் பாதிப்பு வரும் அபாயம் உண்டு. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசிபாம் ஊசி, அறிகுறி அடங்கிய பின் வாய் வழியாக, ஒவ்வொரு நாளும் அளவைக் குறைத்துக்கொண்டு வந்து ஒரு வாரத்தில் நிறுத்துவது. முன்பு தலையில் அடிபட்டதா என்று பார்க்க ஸ்கேனும் எடுத்தார்கள்; பிதற்றும் குடிகாரர் எல்லோருக்கும் விலகல்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஒரு கை கட்டிலுடன் விலங்கிடப்பட்டிருந்தது. குழம்பிப்போன நோயாளியைக் கட்டிவைத்தால் திமிறல் கூடும். சட்டத்தரணி சிறைக் காவலரிடம் அல்ல, விடுதி வைத்தியரிடம் பேசினார். விலங்கை எடுத்துவிட்டு இரண்டு காவலர்களை வைக்கும்படி வைத்தியர் எழுதியதும் சிறை ஏற்றுக்கொண்டது. இரவில் தமிழ் தெரிந்தவர் ஒரு சிற்றூழியர் மட்டும்தான். எங்கே இருக்கிறீர்கள், இன்று என்ன கிழமை என்ற சோதனைக் கேள்விகளைத் தமிழில் கேட்டபோதுதான் அவர் எவ்வளவு தெளிந்திருக்கிறார் என்பது பிடிபட்டது.

இங்கே புதிதாக ஒரு தகவல் வந்தது. கைதுக்கு முந்திய சில வாரங்களாக மனைவி நகரத்தில் வாங்கிய 'குடி மறக்கும் பொடி'யைத் தேத்தண்ணியில் கலந்து கொடுத்திருக்கிறார். பொட்டலத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. இப்படி விற்கப்படுபவற்றில் டைசல்ஃபிரம் இருக்க வாய்ப்புண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, இரத்த அழுத்தம் சரிவு வரும். கடைசி மருந்துக்குப் பின் இரண்டு வாரம் வரையிலும் இது நிகழலாம். நோயாளிக்குத் தெரியாமல் கொடுப்பது உயிருடன் விளையாடுவது. பொடி கொடுத்த நாட்களில்தான் அவர் அதிகம் வாந்தி எடுத்தார், அதிகம் கோபப்பட்டார் என்று மனைவி சொன்னார். மருத்துவர் மனைவியைக் கடிந்துகொள்ளவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஈரல் பரிசோதனைக்கு எழுதினார்.

சனிக்கிழமை அளவில் கைதி முழுத் தெளிவுக்கு வந்தார். அட்டையைப் பற்றிக் கேட்டபோது ஞாபகம் இல்லை என்றார்.

இரண்டாம் தீர்மானம்: யாருடைய சட்டத்தரணி?

மனைவி வந்தது கணவரை வெளியே எடுக்க. அடிபட்டவரும் அவரே. "அவரு உள்ள இருந்தா சம்பளம் வராது மிஸ், வெளிய வந்தா அடி வரும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரே சட்டத்தரணி இருவருக்கும் ஆஜராக முடியாது. ஆனால் நகரங்களில் இது நடக்கிறது. கணவருக்குப் பிணை எடுக்கும் அவசரத்தில் மனைவியின் முறைப்பாடு சமாதானமாகிவிடும்.

சட்டத்தரணி கணவரின் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டார். மனைவியை வேறொரு சட்டத்தரணியிடமும், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் அனுப்பினார். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் கொடுக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் தாக்கல் செய்யப்பட்டது. இந்தச் சட்டத்தில் இடைக்காலக் கட்டளை உடனே கிடைக்கும். 14 நாட்களுக்குள் விசாரணை வைக்க வேண்டும். இறுதிப் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். சிகிச்சைக்கும் உளவளத்துணைக்கும் போகும்படி நீதவான் கட்டளையிடலாம்.

லயத்தில் இந்தச் சட்டம் ஓர் இடத்தில் முட்டுகிறது. எதிராளியை வீட்டுக்குள் வரக்கூடாது என்று கட்டளையிடலாம். ஆனால் லயக் காம்பரா தோட்டத்தின் உடைமை, வேலையுடன் ஒட்டியது. வெளியே போகிறவருக்கு வாடகை வீடு என்று ஒன்று இல்லை. அவர் தோட்டத்தை விட்டுப் போனால் வேலை போகும், வேலை போனால் பிள்ளைகளுக்கான பணமும் போகும். மனைவியின் சட்டத்தரணி கேட்டது இதுதான்: கணவர் அதே தோட்டத்தின் வேறு டிவிஷனில் தம்பி வீட்டில் இருக்க வேண்டும், குடித்துவிட்டு மனைவி இருக்கும் லயத்துப் பக்கம் வரக்கூடாது, சம்பளத்தில் ஒரு பங்கைத் தோட்டக் காரியாலயத்திலேயே மனைவி பெற்றுக்கொள்ள வேண்டும். கணவரின் தரப்பு எதிர்க்கவில்லை.

பிணை நிபந்தனைகள்

அடுத்த வியாழன் திறந்த நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கப்பட்டது. பொலிஸ் தரப்பு இரண்டு விஷயங்களைக் கேட்டது: உளநோய் அறிக்கை, அல்லது புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்புதல். முதலாவதை விடுதி வைத்தியரின் நோயறிக்கை முடித்துவைத்தது. இரண்டாவதைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும்.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கு வழி வைத்திருப்பது ஆபத்தான போதைப்பொருட்களுக்கு அடிமையானவர்களுக்கு. மது அதில் வராது. 2023ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் மசோதாவாக வந்தபோது, அது பரந்த அளவில் ஆட்களைப் பிடித்து வைக்க இடம் கொடுக்கிறது என்று 2022 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் கண்டது. அதன் பின்னரே போதைப்பொருளுக்கு அடிமையானவர்களை மையமாக வைத்துச் சுருக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க புகையிலை, மதுசாரச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் விளம்பரத்தையும் தடுக்கிறது. குடித்து நோயாளியானவரைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆக, மதுவுக்கு அடிமையான ஒருவரைப் பிடித்து அனுப்பும் வாசல் சட்டத்தில் இல்லை. சட்டத்தரணி இதைச் சொன்னதும் நீதவான் அந்தக் கோரிக்கையை விட்டுவிட்டார்.

நீதவான் அடுத்துச் சொன்னது நல்லெண்ணத்தில்தான்: பிணை தருகிறேன், ஆனால் ஒரு துளி குடிக்கக் கூடாது. சட்டத்தரணி இதையும் எதிர்த்தார். கேட்பவர்களுக்கு இது வினோதமாக இருக்கும். குடியை விட முயல்பவர்களில் பெரும்பாலானோர் முதல் மாதங்களில் ஒரு முறையாவது வழுக்குவார்கள். வழுக்கியதும் பிணை முறிந்தால் மறுபடியும் விளக்கமறியல், மறுபடியும் திடீர் நிறுத்தம், மறுபடியும் வலிப்பு. நிபந்தனை அவரைக் குடியில் இருந்து காப்பாற்றாது, சிகிச்சையில் இருந்துதான் துரத்தும். ஏனென்றால் குடித்ததை வைத்தியரிடம் சொல்லவே பயப்படுவார். கடைசியில் எழுதப்பட்ட நிபந்தனை: மாதம் ஒருமுறை உளநலக் கிளினிக்குக்குப் போக வேண்டும், வழக்குத் தினத்தில் கிளினிக் கொப்பியைக் காட்ட வேண்டும், பாதுகாப்புக் கட்டளையை மீறக் கூடாது. குடிக்கு அல்ல, வன்முறைக்குத்தான் தடை. பிணையாளர்கள் விஷயத்தில், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்ற 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் கோட்பாட்டைக் காட்டி, ஒரு பிணையாளருக்குத் தோட்ட முகாமையாளரின் கடிதத்தை ஏற்கும்படி கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

ஏழாவது வாரம்

கிளினிக் நாள் வாரநாளில் வந்தது. போனால் 1,000 ரூபாய் சம்பளமும் பஸ் காசும் போகும். தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் மூலம் கிளினிக் நாளில் அரை நாள் பேர் போட ஏற்பாடானது. எழுத்தில் இல்லை, வாய்ப்பேச்சில்தான்.

ஏழாவது வாரம் சம்பள நாள் வந்தது. அவர் குடித்தார். நான்கு நாள் தொடர்ந்து குடித்துவிட்டு, வெட்கத்தில் ஐந்தாம் நாள் தானாகவே நிறுத்தினார். அன்று இரவு கை நடுங்கத் தொடங்கியது. வைத்தியசாலையை விட்டு வரும்போது சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய ஒரு அட்டை கொடுக்கப்பட்டிருந்தது: இவருக்கு மது விலகலில் வலிப்பும் பிதற்றலும் வந்துள்ளது, தயமின் தேவை, திடீரென நிறுத்தினால் வைத்தியசாலைக்குக் கொண்டுவரவும். தம்பி 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து அந்த அட்டையை நீட்டினார். ஆதார வைத்தியசாலையில் மூன்று நாள் இருந்தார். வலிப்பு வரவில்லை. மனைவியின் லயத்துப் பக்கம் போகவில்லை. பிணையும் முறியவில்லை.

வழக்கின் முடிவு

இரண்டு குற்றச்சாட்டுகளையும் அவர் ஏற்றுக்கொண்டார். மதுவரிக் குற்றத்துக்குத் தண்டப்பணம். காயம் விளைவித்ததற்குச் சிறைக்குப் பதிலாக 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ்க் கட்டளை. தண்டப்பணம் கட்ட முடியாமல் சிறைக்குப் போவதே மலையகத்தில் பலருக்கு நேர்வது என்பதால், கட்டும் திட்டத்தைத் தீர்ப்பு நாளுக்கு முன்பே குடும்பத்துடன் பேசி முடித்திருந்தார்கள்.

12 மாதப் பாதுகாப்புக் கட்டளைக் காலத்தில் அடி, மிரட்டல் பற்றிய முறைப்பாடு வரவில்லை. எட்டாம் மாதத்தில் மனைவி அவரைத் திரும்ப வீட்டுக்கு எடுத்தார்; அது மனைவியின் தீர்மானம், யாரும் வற்புறுத்தவில்லை. கணவர் குடியை முழுதாக விடவில்லை. சம்பள நாளில் குடிக்கிறார், காலையில் குடிப்பதில்லை. இதை வெற்றி என்று எழுதுவதா என்பதில் எங்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூத்த மகளிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்பது கோப்பில் இல்லை.

வழக்குக்குப் பின்: கொள்கைப் பணி

அடுத்த இரண்டு வருடங்களில் சட்டத்தரணி வழக்குகளைக் குறைத்துக்கொண்டு, சட்ட வரைவுகளைப் படிப்பதிலும் பொலிஸ் நிலையங்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலும் நேரத்தைச் செலவிட்டார். 2005இல் அமைச்சரவை ஏற்ற உளநலக் கொள்கை புதிய உளநலச் சட்டம் வேண்டும் என்றது. வரைவுகள் வந்தன, நின்றன. 1956இல் கடைசியாகப் பெரிதாகத் திருத்தப்பட்ட 1873 சட்டம்தான் கையில் இருக்கிறது. அந்தச் சட்டம் நினைத்தது அடைத்துவைக்கும் மனநோய் மருத்துவமனையை. மாவட்ட வைத்தியசாலையின் உளநல விடுதியை அல்ல.

மதுவையும் கட்டாயப் புனர்வாழ்வில் சேர்க்க வேண்டும் என்ற குரல் தோட்டங்களில் பலமாக இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் மனைவிமார். அவர்கள் கோரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. சட்டத்தரணியின் வாதம் வேறு திசையில் போனது. மதுவுக்கு ஒரு கட்டாயச் சிகிச்சைச் சட்டம் வேண்டாம். மனைவிக்குப் பாதுகாப்பு, பாதுகாப்புக் கட்டளையில் இருந்து வரட்டும். அரசு ஒருவரைக் காவலில் எடுத்து, அவர் குடிப்பதை அந்த நிமிடமே நிறுத்திவிட்டால், முதல் 72 மணி நேரத்துக்கு அவருடைய உயிருக்குப் பொறுப்பு அரசுக்கு என்று எழுத்தில் ஒரு கடமை வேண்டும். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற போதைப்பொருள் எதிர்ப்புப் பொலிஸ் நடவடிக்கை தொடங்கிப் பெருந்தொகையானோர் கைதானபோது இந்த வாதத்துக்குக் கேட்பவர்கள் கூடினார்கள். அந்த நடவடிக்கையை இடைநிறுத்தும்படி 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் கேட்டிருந்தார்கள்.

அவர் வரைந்தது ஒரு பக்கத் தாள். ஆறு கேள்விகள், இரு மொழியில். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு? தினமும் எது, எவ்வளவு? காலையில் குடித்தால்தான் கை நிற்குமா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா? நிறுத்துவதற்கு மருந்து, பொடி ஏதாவது உள்ளே போனதா? தலையில் அடிபட்டதா? மூன்றாவதுக்கோ நான்காவதுக்கோ ஆறாவதுக்கோ 'ஆம்' என்றால், நீதவான் முன் நிறுத்தும் முன்போ பின்போ வைத்தியசாலை.

முதல் வடிவம் வேலை செய்யவில்லை. பொலிஸார் அதை பி அறிக்கையுடன் (நீதவானுக்குப் பொலிஸார் கொடுக்கும் அறிக்கையுடன்) இணைத்தார்கள். "தினமும் எது" என்ற கேள்விக்குக் கசிப்பு என்று வந்த பதில் மதுவரிக் குற்றத்துக்குச் சான்றாகப் பார்க்கப்பட்டது. மற்ற சட்டத்தரணிகள் தங்கள் கட்சிக்காரர்களைப் பதில் சொல்லாதீர்கள் என்றார்கள், அதில் பிழையும் இல்லை. திருத்திய தாளில் எது என்ற கேள்வி எடுக்கப்பட்டது. தாள் நீதிமன்றக் கோப்புக்குப் போகாமல், ஒட்டிய உறையில் வைத்தியக் குறிப்பாகச் சிறை வைத்திய அதிகாரிக்கு மட்டும் போகும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஞாயிறு நண்பகல் பதில் நீதவான் முன் சட்டத்தரணி ஒருவர் இருந்திருந்தால் கடைசிக் குடிக்கு 20 மணி நேரத்திலேயே விஷயம் தெரிந்திருக்கும். சட்ட உதவிச் சேவை வார இறுதியில் தொலைபேசியிலாவது கிடைக்க வேண்டும். தோட்டங்களில் கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் என்ற ஒற்றை ஆவணத்தில் பிணை தொங்கக் கூடாது. தேசிய அடையாள அட்டையுடன் தோட்டத்தின் சம்பளப் பட்டியல் துண்டை ஏற்கலாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு பெறும் உரிமையைத் தருகிறது. சிறை வைத்திய அறையிலும் அதற்கு இணையான ஏற்பாடு வேண்டும். டிஸ்பென்சரியில் வலிப்பு என்று எழுதும்போது குடியைப் பற்றிக் கேட்டு எழுத ஒரு வரி போதும்.

தாள் இப்போது சில பொலிஸ் நிலையங்களில் பயன்பாட்டில் இருக்கிறது. வாரநாட்களில் நிரப்புகிறார்கள். சனி, ஞாயிறு, போயா நாட்களில் கடமையில் இருப்பவர் மாறுவதால் பெரும்பாலும் வெற்றுத் தாளாகவே போகிறது. அந்த நாட்களில்தான் குடி தொடர்பான கைதுகள் அதிகம்.